கழகம் உண்டு, ஏடு எங்கே?

"நெய்வேலியில் ஓர் அறிவியல் கழகமா? அக்கழகத்துக்கு ஓர் ஏடும் வேண்டுமா?" என்று கேட்டு நகைக்கின்றனர் நண்பர் சிலர். ஆராய்ச்சி என்பது பெங்களூரில் நடப்பது, பல்கலைக் கழகங்களுக்கு உரியது, பட்டங்கள் பல பெற்றோரின் பணி என்பது அவர்தம் எண்ணம். பழுப்பு நிலக்கரி வெட்டும் ஊரிலே, பள்ளி ஆசிரியர் சிலரும் பட்டறைத் தொழிலாளர் சிலரும் மாணவர் சிலரும் மாலை வேளையில் கூடி என்ன அறிவியலை வளர்த்துவிடப் போகிறார்கள் என்பது அவர்தம் ஏளனம்.

நெய்வேலியின் கதையே அந்த ஏளனத்துக்கு முதல் விடை. 1930-களில் இவ்வட்டாரத்து நிலக்கிழார் சம்புலிங்க முதலியாரின் நிலத்திலே, கிணற்றிலிருந்து பொங்கி வந்த நீரோடு கரிய பொருளொன்றும் வந்தது. அவர் நிலநூல் வல்லுநர் அல்லர். ஆராய்ச்சிக் கூடம் எதிலும் அமர்ந்தவர் அல்லர். கரிய நீரைக் கண்டு, காவல் தெய்வத்தின் சினம் என்று கற்பூரம் கொளுத்தியிருக்கலாம். கழுவி விட்டுவிட்டுக் கழனி வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். அவர் செய்தது அதுவன்று. 'இது என்ன?' என்று கேட்டார். அரசினரின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். 1956-இல் நிறுவனம் பிறந்தது. 1957-இல் சுரங்கப் பணி தொடங்கிற்று. 1961 ஆகஸ்டில் நிலக்கரி தட்டுப்பட்டது. 1962-இல் மின்சாரம் பிறந்தது. கிணற்றடியில் எழுந்த கேள்வியிலே தொடங்கிய ஊர் இது. இவ்வூரில் கேள்வி கேட்கும் கழகம் கூடாதென்றால், வேறு எவ்வூரில் கூடும்?

ஆயினும், ஏளனம் பேசுவோர் மீது மட்டும் பழி சுமத்துவதற்கில்லை. அவர்கள் இதுகாறும் கண்ட அறிவியல் கழகங்கள் எப்படிப்பட்டவை? ஆண்டுக்கொரு தொடக்க விழா. மேடையில் ஐவர், மாலைகள் ஐந்து, பொன்னாடைகள் ஐந்து. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை, நன்றியுரை! கூரையிலே மின்விளக்குகள் பளபளக்க, அவற்றின் கீழே குத்துவிளக்கில் எண்ணெய் வார்த்து, 'அறிவியல் ஒளி'யை ஏற்றி வைக்கிறார் சிறப்பு விருந்தினர். தென்னாட்டு மாநிலங்களுக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகின்ற ஊரிலே இக்காட்சி! பின்னர் ஓர் ஆண்டு மலர் வெளிவரும். முதற் பத்துப் பக்கம் பெரியோரின் வாழ்த்துச் செய்தி, அடுத்த இருபது பக்கம் கடைகளின் விளம்பரம், இடையிலே எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய 'விண்வெளியின் விந்தைகள்'. அத்தோடு கழகம் உறங்கும். அடுத்த ஆண்டு விழாவுக்கு விழித்தெழும்.

அந்த ஓராண்டில் அக்கழகம் அளந்தது என்ன? ஐயுற்றது என்ன? தவறென்று தள்ளியது என்ன? ஒன்றுமில்லை. அதற்குப் பெயர் கழகமன்று, விழாக் குழு. விழாக் குழுவுக்கு ஏடு தேவையில்லை, அழைப்பிதழ் போதும்.

அப்படியாயின் அறிவியல் கழகம் எதற்காக? 1660-இல் இலண்டன் நகரிலே கூடிய சிலர் ஒரு கழகம் கண்டனர். பின்னாளில் அரசக் கழகம் என்று பெயர் பெற்றது அது. எவர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்காதே என்பதே அக்கழகத்தின் குறிக்கோள் உரை. அக்கழகத்தின் செயலாளர் ஓல்டன்பர்க், 1665 மார்ச்சுத் திங்களில், தம் சொந்தப் பொறுப்பிலும் செலவிலும் ஓர் ஏடு தொடங்கினார். உலகிலேயே நெடுங்காலமாக வெளிவரும் அறிவியல் ஏடு அதுதான், இன்றும் வருகிறது. ஏட்டால் அவர் செல்வம் சேர்த்தாரில்லை. நாடெங்கிருந்தும் வந்த மடல்களைப் படித்தார், மொழிபெயர்த்தார், அச்சிட்டார், மறுப்பு வந்தால் அதனையும் அச்சிட்டார்.

அவருக்கு மடல் எழுதியவர்களிலே ஒருவர் ஆலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக். கல்லூரி கண்டவர் அல்லர். அன்று அறிவாளிகளின் மொழி என்று போற்றப்பட்ட இலத்தீன் அவருக்குத் தெரியாது. தெரிந்தது தாய்மொழியாம் டச்சு மட்டுமே. தாமே தேய்த்த கண்ணாடி வில்லைகளால் நீர்த்துளிக்குள் நோக்கி, கண்ணுக்குப் புலப்படாத உயிர்கள் அங்கே துள்ளித் திரிவதைக் கண்டு, 1676-இல் எழுதினார். இலண்டன் கழகத்தார், 'துணிக்கடைக்காரனுக்கு இது எதற்கு' என்று கடிதத்தைக் கிழித்தெறியவில்லை. 'ஆகா, அற்புதம்' என்று மாலை சூட்டவுமில்லை. ஏட்டிலே வெளியிட்டனர், ஐயுற்றனர், 1677-இல் இராபர்ட் ஊக்கு என்பாரைச் சோதித்துப் பார்க்கச் செய்தனர். அவர் கண்ணுக்கும் அவ்வுயிர்கள் தென்பட்டன, அதன்பின் ஏற்றனர். கழகத்துக்கு ஏடு ஏன் வேண்டும் என்பதன் பொருள் இதுதான். கண்டவன் சொல்கிறான், நாளும் பெயரும் இட்டு ஏடு வெளியிடுகிறது, மற்றொருவன் மீண்டும் செய்து பார்க்கிறான். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் எஞ்சுவது வதந்தி.

இலண்டன் தொலைவிலுள்ளது, காலமும் தொலைவு என்பீராயின், திருக்கோவலூருக்கு வாருங்கள். நெய்வேலியைப் போலவே பழைய தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்தான் அது. 1910-இல் அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் இராமசாமி ஐயர். கணக்கிலே காதல் கொண்ட அவர், 1907-இல் நண்பர்களைத் திரட்டி ஒரு கணிதக் கழகம் தொடங்கியிருந்தார். தனி ஒருவரால் வாங்கவியலாத விலையுயர்ந்த நூல்களையும் வெளிநாட்டு ஏடுகளையும் சந்தாப் பணத்தால் வாங்கி, அஞ்சலில் ஒருவர் மாற்றி ஒருவர் படிப்பது அவர்கள் முறை. 1909-இல் கழகத்துக்கு ஏடு பிறந்தது. இந்தியக் கணிதக் கழகம் என்ற பெயரோடு அக்கழகம் இன்றும் வாழ்கிறது.

அந்தத் துணை ஆட்சியரைக் காண, 1910-இல் ஓர் இளைஞன் வந்தான். கல்லூரித் தேர்வுகளில் தோற்றவன்; கையிலே கணக்குக் குறிப்பேடு; கேட்டது வட்ட அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை. பெயர் சீனிவாச இராமானுசன். குறிப்பேட்டைப் புரட்டிய இராமசாமி ஐயர் எழுத்தர் வேலை கொடுக்கவில்லை. சென்னையிலுள்ள கணித அன்பர்களுக்கு அறிமுகம் கொடுத்தார். அடுத்த ஆண்டு, 1911-இல், அக்கழகத்தின் ஏட்டிலே இராமானுசனின் முதற் கட்டுரை வெளிவந்தது. கேம்பிரிட்சுக் கணிதப் பேரறிஞர் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதியது 1913-இல். கேம்பிரிட்சு அறியுமுன் அவரை அச்சேற்றியது, அரசு ஊழியரும் ஆசிரியரும் சந்தா கட்டி நடத்திய சிற்றேடு!

அவ்வேட்டின் கேள்விப் பக்கத்தைக் கவனியுங்கள் தோழர்களே. வாசகர் கணக்கு அனுப்புவார். வாசகரே விடை அனுப்புவார். 289-ஆம் கேள்வி இராமானுசனுடையது. வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றிச் செல்லும் ஒரு கோவையின் மதிப்பு என்ன என்று கேட்டார். இதழ்கள் மூன்று கடந்தும் எவரும் விடை காணவில்லை; அவரே விடை கூறினார். விடை 3. கல்லூரி அவரைத் தோற்றவன் என்று வெளியே தள்ளியது. கேள்விப் பக்கம் அவருக்கு இருக்கை தந்தது.

மற்றொன்றும் உண்டு. தம் கணிதம் நாமகிரித் தாயாரின் அருள் என்று இராமானுசன் நம்பினார். நம்பட்டும். அந்த ஏட்டின் ஆசிரியர் நாராயண ஐயங்கார் தாயாரைச் சாட்சிக்கு அழைத்தாரில்லை! எழுதியது விளங்கவில்லை, நிறுவிய படிகளைத் தெளிவாக எழுது என்று கட்டுரையைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். இருவரும் பக்தர்களாயிருந்திருக்கலாம்; ஏட்டின் பக்கத்திலே அருளுக்கு இடமில்லை, நிறுவலுக்கே இடம். நாம் மேடையேறி ஆயிரம் முறை பகுத்தறிவு பேசலாம். 'படிகளைக் காட்டு' என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பும் ஓர் ஆசிரியர், அப்பேச்சு செய்யாததைச் செய்து முடிக்கிறார்.

இத்தனையும் புகழ்ந்தபின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். அக்கழகத்தை நடத்தியோர் பெரும்பாலும் ஆங்கிலம் கற்று அலுவல் பெற்ற உயர்சாதியினர். அவ்வேடு ஆங்கில ஏடு. கதவு திறந்திருந்தது உண்மை. அக்கதவு வரை நடந்து வரும் பாதை எத்தனை பேருக்குத் திறந்திருந்தது? இராமானுசன் வறியவர், ஆயினும் பள்ளிக்கு விடப்பட்டவர், ஆங்கிலம் கற்பிக்கப்பட்டவர். பள்ளி வாசலிலேயே தடுக்கப்பட்ட சேரிச் சிறுவனுக்கும், பருவம் எய்தியதும் அடுப்பங்கரைக்கு அனுப்பப்பட்ட சிறுமிக்கும் எந்த ஏட்டின் கேள்விப் பக்கம் எட்டிற்று? இழந்த மேதைகளுக்குக் கணக்கேது! ஆகவேதான் சொல்கிறோம்: ஏடு வேண்டும், அது தமிழ் ஏடாக வேண்டும்.

உடனே வருகிறது அடுத்த தடை: "தமிழிலே அறிவியல் இயலுமா?" நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே செத்துப் போயிருக்க வேண்டிய கேள்வி இது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறும் அறுவை மருத்துவமும் தமிழ் நூல்களாயின. 1916-இல் சேலத்திலே இராசகோபாலாச்சாரியாரும் வேங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் கண்டு, அதற்கோர் ஏடும் நடத்தினர். நோக்கம் நன்று, ஆயினும் நீண்ட நாள் வாழவில்லை. நாம் அதிலிருந்து கொள்ளும் பாடம் ஒன்று: சொற்களுக்காக மட்டும் நடக்கும் ஏட்டுக்கு வாசகர் சிலரே கிடைப்பர். செய்யும் தொழிலோடும் வாழும் ஊரோடும் இணைந்த ஏட்டிலே, சொல் தேவையை ஒட்டித் தானே பிறக்கும், பயன்பட்டு நிலைக்கும். 1940-களின் இறுதியில் கோவையிலிருந்து ஜி. ஆர். தாமோதரன் தொடங்கிய 'கலைக்கதிர்' தமிழிலே அறிவியலைத் திங்கள்தோறும் சுமந்து வந்தது. 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் சிறுவர்க்கென நடத்தும் 'துளிர்' வருகிறது. இயலுமா என்று கேட்பவர்கள், இயன்றதைப் படிக்காதவர்கள்!

"எல்லாம்தான் கைபேசியிலே கிடைக்கிறதே, இனி ஏடு எதற்கு?" என்பது இக்காலத்துக் கேள்வி. கிடைக்கிறது. வியாழனின் துணைக்கோள் எத்தனை என்று கேட்டால் விடை கிடைக்கிறது. நம் தெருவின் கிணற்றிலே சென்ற தைத் திங்களில் நீர் எத்தனை அடியில் இருந்தது என்று கேட்டால் கிடைக்குமா? எவரும் அளக்காததை எந்தக் கருவி சொல்லும்? மேலும், கைபேசி வழியே நாள்தோறும் வந்து விழும் செய்திகளுக்குப் பெற்றோர் இல்லை. பெயரில்லை, நாளில்லை, பிழை கண்டால் திருத்துவோர் இல்லை. 2019 டிசம்பர் 26 அன்று தமிழகத்தின் சில மாவட்டங்களில் கதிரவன் வளையமாகத் தெரிந்தது, அரிய காட்சி. அன்று தட்டிலே நீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி, 'கிரகணத்தின் ஆற்றல் பாரீர்' என்று வீடியோ பரப்பினர் பலர். உலக்கை நின்றது மெய், காரணம் பொய். மறுநாளும் நிறுத்திப் பார்த்தால் நிற்கும். அடிப்பாகம் தட்டையான எந்த உலக்கையும் எந்நாளும் நிற்கும். இதனை உரைக்கப் பேராசிரியர் வேண்டியதில்லை. மறுநாள் ஓர் உலக்கையும், முடிவை அச்சிட ஓர் ஏடும் போதும்.

"பணத்துக்கு எங்கே போவது? நிறுவனத்திடம் நன்கொடை கேட்டால் தருமே" என்று அறிவுரை கூறுவோரும் உளர். நிறுவனத்தோடு நமக்குப் பகையில்லை. நம்மில் பலருக்கு அதுவே சோறு போடுகிறது. ஆயினும் எண்ணிப் பாருங்கள். சுரங்கம் வெள்ளக்காடாகாமல் இருக்க இரவும் பகலும் நிலத்தடி நீர் இறைக்கப்படுகிறது. கரி எரிந்து சாம்பல் மலைபோல் குவிகிறது. நிலத்தைக் கொடுத்த கிராமங்கள் சுற்றிலும் உள்ளன. நீரைப் பற்றியும் சாம்பலைப் பற்றியும் அளந்து எழுத வேண்டிய ஏடு, அவற்றுக்குப் பொறுப்பானவரின் பணத்தில் நடந்தால், நல்லதை எழுதினாலும் கூலிக்கு எழுதியது என்பர். அல்லாததை எழுதக் கை கூசும். நிறுவனத்தின் மெய்யான பெருமை வெளிவரவும் சுதந்திரமான ஏடே நல்லது.

பணமின்றி நடக்குமா என்றால், மேற்கே பாருங்கள். 1962-இல் கோழிக்கோட்டில் மலையாளத்திலே அறிவியல் எழுதுவோர் சிலர் கூடித் தொடங்கியது கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து. ஏடுகள் நடத்தினர், நூல்களை அச்சிட்டு, வீடு வீடாய்ச் சுமந்து விற்றனர், அவ்வருவாயே கழகத்தின் முதுகெலும்பாயிற்று. 1970-களின் இறுதியில் சைலண்ட் வேலிக் காட்டிலே புனல் மின்திட்டம் வரவிருந்தபோது, வெறும் கூச்சலிடாமல், அத்திட்டத்தின் வரவு செலவையும் காட்டின் உயிர்ச் செல்வத்தையும் மாநிலத்தின் மின் தேவையையும் கணக்கிட்டு மக்கள் முன் வைத்தனர். பிறரும் சேர்ந்தனர். திட்டம் கைவிடப்பட்டது, 1984-இல் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. எவர் கையையும் எதிர்பாராத கழகத்தின் கணக்குக்கு எத்தனை வலிமை என்பதை அண்டை மாநிலம் காட்டிற்று.

நெய்வேலிக்கு இதன் தேவை நூல் நயம் பற்றியதன்று, உயிர் பற்றியது. 2020 மே திங்களிலும், மீண்டும் ஜூலை முதல் நாளிலும், இரண்டாம் அனல் மின் நிலையத்திலே கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் மாண்டனர். கொதிகலனுக்குள் அழுத்தம் எப்படி ஏறுகிறது, வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமாயிருப்பதால் எரிப்பதில் எழும் இடர்கள் யாவை, எந்த அறிகுறி கண்டால் விலகி நிற்க வேண்டும் என்பவற்றை, அதனருகே நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி தன் மொழியிலே எடுத்துப் படிக்க ஒரு திங்களேடு உண்டா? ஆயுத பூசை நாளில் இயந்திரத்துக்குச் சந்தனம் பூசிப் பூசணிக்காய் உடைப்பதற்குக் கற்றுக் கொடுத்தோம். பூசணி வால்வைக் காக்காது. வால்வை அறிந்தவனே தன்னைக் காப்பான். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976 முதல் அரசியல் சட்டமே கூறுகிறது. கடமை என்று எழுதிவிட்டால் போதுமா? அதைச் செய்ய இடம் வேண்டாமா?

ஆகவே நாம் காண விரும்பும் கழகத்துக்கும் ஏட்டுக்கும் சில ஒழுங்குகளைச் சொல்கிறோம். எவ்வூர்த் தோழரும் எடுத்துக்கொள்ளலாம்.

சந்தா சிறிதாகட்டும், சுரங்கத் தொழிலாளியும் கொடுக்கத் தக்கதாகட்டும். வரவும் செலவும் ஆண்டுதோறும் ஏட்டிலேயே அச்சாகட்டும். எட்டுப் பக்கமானாலும் குறித்த நாளில் வரட்டும். எண்பது பக்க மலர் ஏமாற்றும், எட்டுப் பக்கத் திங்களேடு ஏமாற்றாது. வாழ்த்துச் செய்தி வேண்டாம், தலைவர் படம் வேண்டாம். எந்தக் கட்டுரையையும் அத்துறை அறிந்த இருவர் படித்தபின்னரே அச்சேற்றுக. எழுதியவர் தலைமைப் பொறியாளராயினும் சரி, பத்தாம் வகுப்பு மாணவியாயினும் சரி, விதி ஒன்றே. பிழை நேர்ந்தால் அடுத்த இதழின் முதற் பக்கத்திலேயே திருத்தம் வரட்டும். திருத்தம் வெளியிடும் ஏட்டை நம்பலாம்; பிழையே செய்யாத ஏடு எங்குமில்லை. செயலாளர் பதவி சுற்றி வரட்டும். ஒருவரே ஆயுள் முழுதும் அமர்ந்தால் கழகம் அவர் வீட்டுத் திண்ணையாகிவிடும். கூட்டம் நகரியத்தின் வட்டங்களுக்குள்ளேயே நடவாமல், ஒரு திங்கள் நகரியத்தில், மறு திங்கள் சுற்றுக் கிராமத்தில் நடக்கட்டும். பெண்கள் தேநீர் கொடுக்க அல்ல, தலைமை தாங்க வரட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஏட்டின் நடுப்பக்கம் கேள்விப் பக்கமாகட்டும். எவரும் கேட்கலாம், விடை தெரிந்தவர் எழுதலாம், எழுதியவர் எப்படி அறிந்தார் என்பதையும் எழுத வேண்டும்.

முதற் கேள்வியை நாமே கேட்டுவிடுகிறோம். உங்கள் தெருக் கிணற்றிலோ கழனிக் கிணற்றிலோ இன்று நீர் எத்தனை அடியில் நிற்கிறது? ஒரு கயிறும் ஒரு கல்லும் ஓர் அளவு நாடாவும் போதும். அளந்து, ஊரும் நாளும் உங்கள் பெயரும் எழுதுங்கள். அடுத்த திங்கள் அதே நாளில், அதே கிணற்றில், மீண்டும் அளந்து எழுதுங்கள். பன்னிரண்டு திங்கள் கழித்து, அந்த எண்களை வரிசையாய் அச்சிட்ட ஏடு ஒன்று நம் கையிலிருக்கும். இந்த ஊரில் நீரைப் பற்றிப் பேச வருகின்ற எவரும், அதன்பின் அந்தப் பக்கத்துக்கு விடை சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும்.